மேலே ஏற்றிவிடும் வண்டி

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில், கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு பைபர் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் முகத்துவாரம் வருஷா வருஷம் எப்படி இடம் மாறுகிறது என்று குறிப்பெடுக்கப் போயிருந்தேன். எனக்குப் பழக்கமான படகோட்டி அண்ணன் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், பக்கத்தில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு ஓய்ந்த நேரத்தில் என் போனில் வந்த ஒரு வீடியோவை அவரிடம் காட்டினேன்.

கனடாவில் ஏதோ ஒரு மலை. சங்கிலிப்பட்டை சக்கரம் போட்ட ஒரு சிவப்பு வண்டி பன்னிரண்டு பேரை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. அவர்கள் இறங்கி, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, யாரும் மிதிக்காத செங்குத்தான பனிச்சரிவில் இடுப்பளவு பனியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கி இறங்குகிறார்கள். கீழே வந்ததும் அதே வண்டி காத்திருக்கிறது. மறுபடியும் மேலே.

அண்ணன் வீடியோவை இரண்டு தரம் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, மாவு கொட்டின மாதிரி இருக்குது?"

"பனிதாண்ணா. புதுசா விழுந்தது."

"வண்டி மேல ஏத்தி வுட்டுடுச்சி, சரி. எறங்கற வழி எப்டி இருக்குதுன்னு யாரு பாத்தாங்க?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். ஒரு வாரம் என்று நினைத்தது மூன்று மாதம் இழுத்துவிட்டது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்ததன் தொகுப்புதான் இது. பனியைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அந்த வண்டி

இந்த வண்டிக்கு ஸ்னோகேட் என்று பேர். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் டக்கர் நிறுவனம் 1940-களில் தன் பனி வண்டிகளுக்கு வைத்த வணிகப் பெயர் அது. பிறகு ஜெராக்ஸ் மாதிரி எல்லாருடைய வண்டிக்கும் அதுவே பேர் ஆகிவிட்டது. விவியன் ஃபுக்ஸ் தலைமையிலான குழு 1957–58-ல் அண்டார்டிகாவை 99 நாளில் குறுக்கே கடந்தது டக்கர் வண்டிகளை வைத்துத்தான்.

இதன் சூட்சுமம் ஒன்றே ஒன்று: எடையைப் பரப்புவது. பல டன் எடையுள்ள வண்டி, ஆனால் பட்டைச் சக்கரம் அவ்வளவு அகலம் என்பதால் ஒரு சதுர அங்குலப் பனியின் மேல் விழும் அழுத்தம் நடந்துபோகும் ஒரு மனிதனின் பாத அழுத்தத்தைவிடக் குறைவு. நாம் இடுப்பு வரை புதையும் இடத்தில் வண்டி மேலாக்கப் போய்விடும். நம் கடற்கரையில் படகு இழுக்கிற டிராக்டர் மணலில் சிக்கிச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் காசு வாங்கும் தொழில் 1975-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆரம்பித்தது. ஆலன் ட்ரூரி என்பவர் மெடோ கிரீக் என்ற ஊரில் தொடங்கிய செல்கர்க் வைல்டர்னஸ் ஸ்கீயிங்தான் முதல் நிறுவனம். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1965-ல், அதே மாகாணத்தில் ஹான்ஸ் க்மோசர் ஹெலிகாப்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார். வண்டி அதற்கு மலிவான மாற்று. மேகம் மூடினால் ஹெலிகாப்டர் பறக்காது, வண்டி போகும்.

ஒரு வண்டியில் சுமார் பன்னிரண்டு பேர், கூட இரண்டு வழிகாட்டிகள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கலாம். சொந்தக் காலில் ஏறினால் அதே நாளில் இரண்டு அல்லது மூன்று தடவைதான். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த 'மாவு'

அண்ணன் மாவு என்று சொன்னது தற்செயல் இல்லை. ஆங்கிலத்திலும் இதைப் பொடி என்ற பொருளில் பவுடர் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1000 கிலோ. கடற்கரை மணல் சுமார் 1600 கிலோ. குளிரில், காற்றில்லாமல் விழுந்த புதுப் பனி வெறும் 50-லிருந்து 100 கிலோ. அதாவது ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்று. அதில் சறுக்குவதைக் 'கீழே விழுந்துகொண்டே மிதப்பது' என்று பழகியவர்கள் சொல்கிறார்கள்.

மிதக்க வேகம் வேண்டும். சமதளத்திலோ லேசான சரிவிலோ இவ்வளவு ஆழமான பொடியில் போனால் பலகை புதைந்து நின்றுவிடும். வேகம் கிடைக்கச் செங்குத்தான சரிவு வேண்டும். அதனால்தான் இந்த விளையாட்டு 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளைத் தேடிப் போகிறது. வீட்டு மாடிப்படி ஏறக்குறைய 30-லிருந்து 35 டிகிரி. ஒரு மாடிப்படியை அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்து, படிகளையெல்லாம் எடுத்துவிட்டு, மேலே மாவைக் கொட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பனிச்சரிவு விபத்துகள் பெரும்பாலும் நடப்பது 30-லிருந்து 45 டிகிரிக்குள். அதிலும் 38 டிகிரியை ஒட்டி மிக அதிகம். அதற்குக் குறைவான சரிவில் பனி அப்படியே உட்கார்ந்திருக்கும். 55, 60 டிகிரியில் பனி சேரவே சேராது, விழ விழ உதிர்ந்துவிடும். நடுவில் இருக்கும் இந்தப் பட்டைதான் சேரவும் சேரும், சரியவும் சரியும். சறுக்குவதற்கு எது நல்ல சரிவோ, அதுவேதான் சரிவதற்கும் நல்ல சரிவு. இரண்டையும் பிரிக்க வழியில்லை. இது தெரிந்தபோது எனக்கு இந்த விளையாட்டின் முழு விஷயமும் புரிந்த மாதிரி இருந்தது.

மேலே தெரியாதது கீழே இருக்கிறது

பனி ஒரே நாளில் விழுவதில்லை. நவம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று என்று அடுக்கடுக்காக விழுகிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு குணம். வெயிலில் உருகி இரவில் இறுகியது கண்ணாடி மாதிரி இருக்கும். தெளிந்த இரவில் மேற்பரப்பில் படியும் உறைபனிப் பூ இறகு மாதிரி நிற்கும். தரையை ஒட்டிய பனி, வாரக்கணக்கில் குளிரில் கிடந்து சர்க்கரை மாதிரி ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன் மேல் காற்று கொண்டுவந்து அடுக்கும் பனி ஒரு பலகை மாதிரி இறுகும்.

ஒட்டாத சர்க்கரை கீழே, இறுகிய பலகை மேலே, அதற்கும் மேலே நேற்று விழுந்த அழகான மாவு. மேலிருந்து பார்க்கும்போது மாவு மட்டும்தான் தெரியும். ஒரு ஆள் வந்து பலகையின் சரியான இடத்தில் கால் வைத்தால், கீழே இருக்கும் சர்க்கரை அடுக்கு நொறுங்கும். அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடும். ஒரு மைதானம் அளவு பலகை ஒரே சமயத்தில் கழன்று இறங்கும். சில நொடிகளில் மணிக்கு 80, 100 கிலோமீட்டர் வேகம். நிற்கும்போது அதுவரை மாவாக இருந்தது சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது.

அதில் இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது இறந்தவரோ அவருடன் வந்தவரோதான் என்கிறார்கள் இத்துறை ஆய்வாளர்கள். மலை தானாக வந்து அவர்கள் மேல் விழவில்லை.

புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. வெளியிலிருந்து உதவி வர நேரமிருக்காது, கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் மூன்று பொருளைக் கட்டாயம் வைத்திருப்பார்கள்: 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி, பனிக்குள் குத்திப் பார்க்க மடக்குக் கம்பி, தோண்ட மண்வாரி. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற இரண்டும் வீண்.

குல்மார்க்

நம் நாட்டில் இதற்கு நிஜமான உதாரணம் காஷ்மீரின் குல்மார்க். 1927-லேயே ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே ஸ்கீ கிளப் ஆரம்பித்தார்கள். 1948-லிருந்து ராணுவத்தின் பனிப்போர்ப் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது.

அங்கே ஸ்னோகேட்டின் வேலையைச் செய்வது கோண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கிப் போகும் பெட்டி. முதல் கட்டம் 1998-ல் வந்தது, கொங்டோரி வரை. இரண்டாம் கட்டம் 2005-ல், அஃபர்வத் மலையின் தோளில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விட்டது. ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டரில். அப்படியென்றால் ஒரே டிக்கெட்டில் ஏறக்குறைய 1,300 மீட்டர் இறக்கம் கைக்கு வந்துவிட்டது. அதற்கு முன் அந்த உயரத்துக்குச் சறுக்கப் போனவர்கள் பெரும்பாலும் நடந்து ஏறியவர்கள். இரண்டாம் கட்டம் வந்த பிறகு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

கோண்டோலாவை ஒட்டிய பகுதியை ரோந்துக் குழு பார்த்துக்கொள்கிறது. பனிக்குப் பின் நிலைமையைச் சோதித்துத்தான் இரண்டாம் கட்டத்தைத் திறக்கிறார்கள். ஆனால் மலைத்தோளில் இறங்கி இடதுபக்கமோ வலதுபக்கமோ கொஞ்சம் நகர்ந்தால் அந்தப் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அங்கேதான் மிதிக்காத மாவு இருக்கிறது.

2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தின் ஹபத்குட் சரிவில் பனி சரிந்து போலந்து நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். கூட இருந்த பலரை மீட்டார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் இறந்தார். இதற்கெல்லாம் முன்னால், 2010 பிப்ரவரி 8 அன்று, கிலன்மார்கில் பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேர் புதைந்து இறந்தார்கள். அது அந்தப் பனிப்போர்ப் பள்ளியின் பயிற்சி. பனியில் எப்படிப் பிழைப்பது என்று நாட்டுக்கே சொல்லிக்கொடுக்கும் இடம்.

'நிபுணர்களுக்கு மட்டும்' என்று இந்தச் சரிவுகளுக்குப் பலகை வைக்கிறார்கள். அதை முதலில் படித்தபோது, நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டேன். மேலே சொன்ன பட்டியலைப் பார்த்தால் அந்த அர்த்தம் பொருந்தவில்லை. இறந்தவர்கள் யாரும் சறுக்கத் தெரியாமல் இறக்கவில்லை.

ஏறுவதும் ஒரு படிப்பு

இந்த இடத்தில்தான் அண்ணன் கேட்ட கேள்வியின் கூர்மை எனக்குப் புரிந்தது.

நடந்து ஏறுகிறவர் மூன்று மணி நேரம் அந்தப் பனியிலேயே இருக்கிறார். ஊன்றுகோல் எவ்வளவு ஆழம் போகிறது, எந்த ஆழத்தில் சட்டென்று இளகுகிறது என்று கைக்குத் தெரிகிறது. ஒரு இடத்தில் கால் வைக்கும்போது 'தொம்' என்று அடியிலிருந்து ஓசை வரும். கீழ் அடுக்கு உட்கார்ந்த சத்தம் அது, உடனே திரும்பிப் போகச் சொல்லும் சத்தம். பக்கத்துச் சரிவில் நேற்று இரவு சரிந்த தடம் கண்ணில் படுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து காற்று அடித்தது என்று பாறை முதுகைப் பார்த்தால் தெரிகிறது. ஏறும் களைப்போடு கூடவே இத்தனை தகவலும் இலவசமாக வந்துகொண்டிருக்கிறது.

வண்டியில் ஏறுகிறவர் சூடான கேபினில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போய் இறங்குகிறார். களைப்பு போனது நல்லதுதான். களைப்போடு சேர்ந்து வந்த தகவலும் போய்விட்டது. ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்குப் பதில் பன்னிரண்டு தடவை இறங்குகிறார் என்றால், ஆறு மடங்கு முடிவுகளை அந்தத் தகவல் இல்லாமலே எடுக்கிறார்.

நல்ல ஸ்னோகேட் நிறுவனங்கள் இதை நன்றாகவே புரிந்து வைத்திருக்கின்றன. வண்டி பறித்துக்கொண்டதை வேறு வழியில் திருப்பிக் கொண்டுவருவதுதான் வழிகாட்டியின் உண்மையான வேலை. காலையில் விருந்தினர்கள் எழுவதற்கு முன் அவர் போய்ப் பனியில் ஒரு ஆள் உயரக் குழி வெட்டுகிறார். சுவரில் அடுக்குகளைப் படிக்கிறார். முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் அளவில் ஒரு தூணை வெட்டி, அதன் தலையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுகிறார். எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் தூண் வழுக்கி விழுகிறது என்று குறித்துக்கொள்கிறார். அதை வைத்து அன்றைக்கு எந்தச் சரிவு திறக்கும், எது மூடும் என்று முடிவாகிறது. இறங்கும்போது ஒருவர் பின் ஒருவராகத்தான், எல்லாரும் ஒரே சமயத்தில் சரிவில் இருக்கக் கூடாது.

நடந்து ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2003 ஜனவரி 20 அன்று கனடாவின் ரெவல்ஸ்டோக் அருகே காலால் ஏறிக்கொண்டிருந்த குழுவின் மேல் பனி சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கிரெய்க் கெல்லி, ஸ்னோபோர்ட் உலகில் நம் ஊரில் கபில்தேவ் மாதிரி ஒரு பெயர். வழிகாட்டி ஆவதற்கான பயிற்சியில் இருந்தார். ஏறுவது தகவல் தரும், உத்தரவாதம் தராது.

முகத்துவாரம்

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஏரியின் தண்ணீர் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அடியில் ஒரு மணல் திட்டு படுத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து அதை அறுத்து அகலமாக்கும். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து அடைக்கும். திட்டு போன வாரம் இருந்த இடத்தில் இந்த வாரம் இருக்காது.

ஒரு அலை உடைவது அதன் அடியில் இருக்கும் ஆழத்தைப் பொறுத்தது. அலையின் உயரம், தண்ணீர் ஆழத்தின் முக்கால் பங்கைத் தாண்டினால் கிட்டத்தட்ட உடைந்துவிடும். ஆழம் குறைந்த திட்டின் மேல் வரும்போது, வெளியே சாதுவாக வந்த அலை எழுந்து நின்று கவிழும். ஏரியிலிருந்து தண்ணீர் வெளியே ஓடும் நேரம் என்றால், எதிர்நீரோட்டம் அலையை இன்னும் செங்குத்தாக்கும். மேலே பார்த்தால் தண்ணீர், அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். பனி மலையும் அதே கதைதான்.

கட்டுமரத்தில் துடுப்புப் போட்ட காலத்தில் திட்டுக்கு முன்னால் நின்று அலைகளை எண்ணுவார்களாம். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் போட வேண்டும். "நாலு அலை பாத்து அஞ்சாவதுக்குப் போறதில்ல தம்பி. அலை ஒடைற எடத்தைப் பாத்துக்குவோம், அதாலதான் திட்டு எங்க இருக்குதுன்னு தெரியும். மெதுவாப் போனதால பாக்க நேரம் இருந்துச்சி," என்றார் அண்ணன். இப்போது எஞ்சின் இருக்கிறது. பெரிய வரம் அது, எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது, யாரும் அதை விட்டுக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் எஞ்சினோடு ஆரம்பித்த பையன்களுக்கு, நின்று பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் பெரியவர்கள் கூட உட்கார்ந்து கத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார். வழிகாட்டி பனிக்குழி வெட்டுவதும் இதுவும் ஒரே வேலைதான் என்று எனக்குப் பட்டது.

சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இது எதுவுமே தெரியாது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு வந்த குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சுற்றுலாப் படகு சவாரிக்கு அதன் பிறகு தடை வந்தது. அந்த நாளைப் பற்றி அண்ணனிடம் நான் கேட்கவில்லை. அவராக ஒரு வார்த்தை சொன்னார்: "ஏறி ஒக்காந்தவங்களுக்கு இன்னா தெரியும்." அவர் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

தெரிந்தவர் ஏன் போகிறார்?

இயான் மெக்கேமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1972-லிருந்து 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்தார். அவர் தேடியது பனியின் குணத்தை அல்ல, மனிதர்களின் குணத்தை. ஆபத்தின் அடையாளங்கள் கண்ணெதிரே இருந்தும் ஏன் போனார்கள்?

அவர் கண்ட பொறிகளில் சிலவற்றை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒன்று, பழக்கம்: இங்கே நூறு தடவை வந்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை. பழகிய இடங்களில், பயிற்சி பெற்றவர்கள் எடுத்த ஆபத்துக்கும் பெறாதவர்கள் எடுத்த ஆபத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அவர் கண்டார். இரண்டு, 'அவருக்குத் தெரியும்': குழுவில் ஒருவரை நிபுணர் என்று மற்றவர்கள் மனசில் ஏற்றிவிட்டால், யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த ஆளுக்கும் 'எனக்குத் தெரியாது, திரும்பிப் போகலாம்' என்று சொல்வது கஷ்டமாகிவிடுகிறது. மூன்று, பற்றாக்குறை: மிதிக்காத சரிவு ஒன்றுதான் இருக்கிறது, நாம் போகாவிட்டால் இன்னொருவன் போய்விடுவான்.

என் தொழிலில் இதை வேறு பெயரில் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மாற்றத்தை லைவில் ஏற்றலாமா என்ற பேச்சு வரும். கூட்டத்தில் அதிகம் தெரிந்தவர் 'ஒன்னும் ஆகாது' என்றால், அதன் பின் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நானே அந்த 'அதிகம் தெரிந்தவனாக' உட்கார்ந்து, ஒரு இரவு முழுக்க அனுபவித்திருக்கிறேன். அங்கே போனது தூக்கம். மலையில் போவது உயிர்.

பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்து நிலையில் கொடுக்கப்படுகிறது. ஐந்துதான் உச்சம். ஆனால் அதிகம் பேர் இறப்பது மூன்றில். நான்கிலும் ஐந்திலும் பயந்து வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்றில்தான் 'பார்த்துப் போகலாம்' என்று போகிறார்கள்.

பாடு

பற்றாக்குறைப் பொறியைப் படித்தபோது எனக்குப் பழவேற்காட்டின் பாடு முறை நினைவுக்கு வந்தது. ஏரிக்குள் நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்பதை ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பங்கீட்டு நியாயத்துக்காக என்றுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது சரிதான். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: உன் நாள் உனக்கு என்று உறுதியாக இருந்தால், இன்றைக்குக் காற்று சரியில்லை என்றாலும் முந்திக்கொண்டு ஓட வேண்டிய அவசரம் இல்லை. பாடு மீனைப் பங்கு போடுகிறது, கூடவே அவசரத்தையும் குறைக்கிறது. இது என் ஊகம்தான். பாடு இல்லாத கடல்பக்கம் யார் முதலில் போகிறார்கள் என்ற போட்டி இருப்பதைப் பார்த்தால், முழுக்கத் தவறான ஊகம் இல்லை என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்னோகேட் நிறுவனங்களுக்கு அரசு மலைப்பகுதியைப் பிரித்து உரிமம் கொடுத்திருக்கிறது. ஒருவர் பகுதியில் இன்னொரு நிறுவனம் தொழில் செய்ய முடியாது. அதனால் இன்று சரிவு மோசம் என்றால் வழிகாட்டி நாளைக்கு என்று தள்ளிப்போடலாம், மாவு எங்கேயும் போய்விடாது. குல்மார்க்கில் எல்லாருக்கும் ஒரே கோண்டோலா. புதுப் பனி விழுந்த மறுநாள் காலையில் முதல் பெட்டிக்கு வரிசை நிற்கும். இரண்டாவது பெட்டியில் போகிறவருக்கு முன்னால் தடம் விழுந்துவிடும். அந்த வரிசையில் நிற்கும்போதே முடிவு பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது.

போகிறவர்களுக்கு

குல்மார்க் போகிற நண்பர்கள் இப்போது நிறைய. பெரும்பாலோர் கீழே சமன்படுத்திய சரிவில் இரண்டு நாள் பழகிவிட்டு வருவார்கள், அதில் ஒரு பயமும் இல்லை. அடுத்த கட்டத்துக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் வழிகாட்டியிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இன்றைக்குப் பனியை வெட்டிப் பார்த்தீர்களா? இன்றைக்கு எந்தச் சரிவுக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறீர்கள்? நான் புதைந்தால் என்னைத் தோண்டப்போவது யார், அவருக்குத் தோண்டத் தெரியுமா? இரண்டாவது கேள்விக்கு 'எல்லா இடமும் போகலாம்' என்று பதில் வந்தால் கீழேயே இருந்துவிடுங்கள். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் காஷ்மீர், இமாச்சல மலைகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதையும் பாருங்கள்.

சித்திரையில் மறுபடி லைட்ஹவுஸ் குப்பம் போனபோது அண்ணனிடம் பதிலைச் சொன்னேன். காலையிலேயே ஒரு ஆள் போய்க் குழி வெட்டிப் பார்க்கிறார், தூணைத் தட்டிப் பார்க்கிறார், அப்புறம்தான் மற்றவர்கள் இறங்குகிறார்கள் என்று. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அந்த ஆளு வேணாம்னு சொன்னா, காசு குடுத்தவங்க கேப்பாங்களா?"

நல்ல இடங்களில் கேட்பார்கள் என்றேன். மத்த இடத்துல? என்று அவர் கேட்கவில்லை. முகத்துவாரப் பக்கம் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர் கடலுக்குப் போகவில்லை.